வீழ்ந்த அரசர்களைப் பாடிய ஆங்கிலச் செய்யுள்: எந்தப் பதிப்பை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

உச்சாணிக் கொம்பில் இருந்த அரசனும் பிரபுவும் எப்படிக் கவிழ்ந்தார்கள் என்று ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லி, பதவியில் இருப்பவரை எச்சரிக்கும் செய்யுள் வகை ஆங்கிலத்தில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் செல்வாக்கோடு இருந்தது. இத்தாலியரான பொக்காச்சியோ 14ஆம் நூற்றாண்டில் லத்தீன் உரைநடையில் எழுதிய வீழ்ச்சிக் கதைகள்தான் இதற்கு மூலம். அதிலிருந்து கிளைத்த ஆங்கில நூல்களில் மூன்று முக்கியமானவை: சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ தொகுதியில் வரும் துறவியின் கதை, ஜான் லிட்கேட்டின் ‘ஃபால் ஆஃப் பிரின்சஸ்’, வில்லியம் பால்ட்வின் தொகுத்த ‘எ மிரர் ஃபார் மாஜிஸ்ட்ரேட்ஸ்’. இந்த மூன்றையும் இன்று எந்தப் பதிப்பில் படித்தால் பயன், எதில் காசு வீணாகும் என்பதுதான் இந்த மதிப்புரை.

பதிப்புகளை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். இந்த வகைச் செய்யுளில் எச்சரிக்கையின் பாதி, பாட்டைச் சுற்றி நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், யார் பொறுக்க முடியாமல் குறுக்கே விழுகிறார், ஒரு பாட்டு முடிந்ததும் கூடியிருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் நூலின் உறுப்பு. பக்கத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் தொகுப்பாசிரியர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். அந்தச் சுற்றுப்பேச்சு முழுசாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டை, தாள், விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

சாசரிலிருந்து தொடங்குவோம். கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் குதிரையில் வரும் வழியில் மாறி மாறிக் கதை சொல்வதுதான் அவர் தொகுதியின் அமைப்பு. துறவியும் குதிரைவீரரும் அந்த யாத்ரீகர்களில் இருவர், விடுதிக்காரர் அவர்களை நடத்திச் செல்பவர். துறவியின் கதை 776 அடி. எட்டடிச் செய்யுள்களாக 97. அதற்குள் 17 பேரின் வீழ்ச்சி அடங்கிவிடுகிறது. லூசிஃபருக்கும் ஆதாமுக்கும் தலா ஒரு செய்யுள், பல்மைராவின் அரசி ஸெனோபியாவுக்குப் பதினாறு. தன் மடத்து அறையில் இப்படி நூறு கதை இருப்பதாகத் துறவி முன்னுரையில் சொல்கிறார். பெருவாழ்வு வாழ்ந்தவர் உயரத்திலிருந்து விழுந்து, துன்பத்தில் கிடந்து, கேவலமாக முடிவதுதான் ‘டிராஜடி’ என்று இலக்கணமும் வகுக்கிறார். இந்த முன்னுரை இல்லாத பதிப்பு எதற்கும் ஆகாது.

முழுத் தொகுதியை வாங்காமல் தேர்ந்தெடுத்த கதைகள் மட்டும் உள்ள மாணவர் பதிப்பை வாங்குவோர்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். துறவியின் கதை அலுப்பானது என்று பெயர் வாங்கிவிட்டதால் அது பெரும்பாலும் விடுபட்டுப் போகும். அடுத்து வரும் கன்னியர்மடத்துப் பாதிரியாரின் சேவல் கதை மட்டும் தவறாமல் இருக்கும். அந்தச் சேவல் கதையின் முன்னுரையோ, குதிரைவீரர் துறவியைப் பார்த்து “போதும் ஐயா, இதற்கு மேல் வேண்டாம்” என்று நிறுத்தும் இடத்தில் ஆரம்பிக்கிறது. எதை நிறுத்துகிறார் என்றே தெரியாமல், நிறுத்துவதை மட்டும் படிக்க வேண்டியிருக்கும். பொருளடக்கத்தில் துறவியின் கதை பெயரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அந்தக் குறுக்கீட்டை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. துறவி பாடும் வீழ்ச்சிகளில் நான்கு, பழங்காலத்தவை அல்ல. காஸ்தீயின் அரசன் பேத்ரோ, சைப்ரஸ் அரசன் பீட்டர், மிலானின் பெர்னபோ விஸ்கோந்தி, பீசாவின் கோமான் உகோலினோ. இவர்களில் உகோலினோ மட்டும் 1289இல் இறந்தவன். பேத்ரோவும் பீட்டரும் கொல்லப்பட்டது 1369இல். பெர்னபோ சிறையில் செத்தது 1385இல். சாசரின் வாசகர்களுக்கு இது நேற்றைய செய்தி. பேத்ரோவின் மகள் கோன்ஸ்தான்ஸாவை 1371இல் மணந்தவர், சாசருக்கு நெருங்கிய லங்காஸ்டர் கோமான் ஜான் ஆஃப் கான்ட். பெர்னபோவிடம் தூது போன குழுவில் 1378இல் சாசரே இருந்தார். சைப்ரஸ் பீட்டர் 1365இல் அலெக்ஸாண்டிரியாவைப் பிடித்தபோது அந்தப் படையில் நம் குதிரைவீரரும் இருந்ததாகத் தொகுதியின் பொது முன்னுரை சொல்கிறது. தன் பழைய தலைவனைச் சொந்தக் குடிகளே படுக்கையில் வெட்டிக் கொன்ற கதையை ஒரே செய்யுளில் துறவி சொல்லிவிட்டுப் போக, அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் குதிரையில் வருகிறவர் அவர். அவர் குறுக்கிடுவதற்கு அலுப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இந்த நால்வரின் பகுதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலும் கையெழுத்துப் பிரதிகள் ஒத்துப்போவதில்லை. மிக மதிக்கப்படும் ஹெங்ரிட், எல்ஸ்மியர் பிரதிகள் இரண்டும் இதைக் கதையின் கடைசியில் வைக்கின்றன. வேறு பல பிரதிகளில் ஸெனோபியாவுக்கு அடுத்து, நடுவில் வருகிறது. அச்சுப் பதிப்புகள் பெரும்பாலும் நடுவில்தான் வைக்கின்றன. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. லிடியாவின் அரசன் குரோசஸின் கதை, விதிதேவதை தன் ஒளிமுகத்தை மேகத்தால் மூடிக்கொள்வாள் என்ற அடியோடு முடிகிறது. சற்று நேரத்தில் விடுதிக்காரர், “விதி மேகத்தால் மூடிக்கொண்டது என்று ஏதோ சொன்னாரே” என்று அதையே திருப்பிச் சொல்கிறார். குரோசஸ் கடைசியாக இருந்தால்தான் இந்தப் பேச்சு ஒட்டும். ஆனால் நால்வர் கடைசியில் வந்தால், மூன்று சிறுபிள்ளைகளோடு கோபுரத்தில் பட்டினி கிடந்து செத்த உகோலினோவின் கதை முடிந்த கையோடு குதிரைவீரர் கை உயர்த்துகிறார். அதற்கும் ஓர் இரக்கமும் நியாயமும் உண்டு. இரண்டு வரிசையிலும் ஒரு முறை படித்துப் பார்ப்பதுதான் நல்லது. அடியெண் போட்ட பதிப்பு இருந்தால் இது எளிது: 2374ஆம் அடியோடு நிறுத்தி, 2463க்குத் தாவி, கடைசிவரை போய்விட்டு, 2375இலிருந்து 2462 வரை திரும்பி வந்து படித்து, பிறகு குறுக்கீட்டுக்குப் போங்கள்.

இந்த அடியெண்கள் ‘ரிவர்சைட் சாசர்’ பதிப்பினுடையவை. லாரி பென்சன் தலைமையில் 1987இல் வந்த இதுதான் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக மேற்கோள் காட்டிவரும் பதிப்பு. 1,300 பக்கத்துக்கு மேல். சாசரின் எல்லாப் படைப்பும் இதில் உண்டு. அருஞ்சொற்பொருள் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே இருக்கிறது. விளக்கக் குறிப்பும் பிரதிபேதக் குறிப்பும் நூலின் பின்பகுதியில். குறைகளும் உண்டு. செய்யுள் இரண்டு பத்தியாக நெருக்கி அச்சிடப்பட்டிருப்பதால் கண் களைக்கும். எடை அதிகம் என்பதால் மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். பழைய பிரதி வாங்குவோர் முதுகுத் தையல் விட்டிருக்கிறதா என்று நடுவில் பிரித்துப் பார்த்து வாங்கவும்.

பதிப்பின் விளக்கக் குறிப்பு எவ்வளவு நல்லது என்று சோதிக்க பேத்ரோவின் இரண்டாம் செய்யுள் ஒன்று போதும். பேத்ரோவைத் தந்திரமாகக் கூடாரத்துக்கு வரவழைத்து, அவன் தம்பி கையால் சாக வைத்தவர்களின் பெயரை சாசர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பனிவெள்ளை வயலில் ஒரு கருங்கழுகு, அதைக் கங்குபோலச் சிவந்த கண்ணிக்கோல் பிடித்திருக்கிறது என்கிறார். இது பிரெஞ்சுத் தளபதி பெர்த்ராந் து கெக்லானின் குலக்கேடயச் சின்னம். அடுத்து ‘கெட்ட கூடு’ என்கிறார். அதைப் பிரெஞ்சில் சொன்னால் ஒலிவியே தெ மோனியின் பெயர் வந்துவிடும். பழைய பிரெஞ்சுக் காவியத்தில் பேரரசன் சார்லமேனுக்கு உண்மையாக நின்ற ஒலிவியே வேறு, பிரித்தானி நாட்டு இந்த ஒலிவியே அதே காவியத்தில் காட்டிக்கொடுத்த கானலோன் போன்றவன் என்று முடிக்கிறார். இந்த மூன்று முடிச்சையும் அவிழ்க்காத பதிப்பு, மற்ற இடங்களிலும் உங்களை நட்டாற்றில் விட்டுவிடும். ரிவர்சைட் மூன்றையும் அவிழ்க்கிறது.

ரிவர்சைட் வேண்டாம், கேன்டர்பரி கதைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஜில் மேன் பதிப்பித்த பெங்குவின் நூல், 2005இல் வந்தது, நல்ல தேர்வு. பழைய எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கிறது, சொற்பொருள் பக்க அடியிலேயே கிடைக்கிறது, கதைகளும் முழுசாக உள்ளன. இந்தியாவில் வரவழைக்கவும் சிரமமில்லை. அதே பெங்குவினில் நெவில் காக்ஹிலின் தற்கால ஆங்கிலச் செய்யுள் பெயர்ப்பும் இருக்கிறது, 1951இலிருந்து விற்பனையில் உள்ளது. இரண்டின் அட்டையும் குழப்பும். பதிப்பாசிரியர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். காக்ஹில் சரளமாக ஓடும். ஆனால் அடியிறுதி இயைபைக் காப்பாற்றுவதற்காகப் பொருளைச் சற்று நகர்த்த வேண்டியிருக்கிறது, குறிப்புகளும் மிகக் குறைவு. கதை தெரிந்தால் போதும் என்றால் சரி. எச்சரிக்கை எந்தச் சொல்லில் நிற்கிறது என்று பார்ப்பவருக்குப் போதாது.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாசர் தளம். மூல அடி ஒன்று, அதன் கீழ் தற்கால ஆங்கில அடி ஒன்று என்று துறவியின் முன்னுரையும் கதையும் முழுவதும் கொடுத்திருக்கிறார்கள், ரிவர்சைட் அடியெண்ணோடு. தொடக்க வாசகருக்கு இதைவிட நல்ல சேவை கிடையாது. ஒரே குறை, அடிக்கு அடி பெயர்ப்பு பேத்ரோவின் விடுகதையை அவிழ்க்காது. கழுகு கழுகாகவே நிற்கும். அதற்கு மட்டும் நூலகத்து ரிவர்சைட்டைப் புரட்டினால் தீர்ந்தது. படிக்கும்போது மூல அடியை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் கடைசியில் வரும் ‘எ’ எழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்காதபோது, பெரும்பாலும் மெல்ல ஒலிக்கும். அதை விழுங்கினால் அடி நொண்டும்.

எங்கே தொடங்குவது? லூசிஃபரிலிருந்து வரிசையாகப் போனால் பலர் சாம்சனைத் தாண்டுவதில்லை. முன்னுரை, பெர்னபோ, உகோலினோ, குரோசஸ், குறுக்கீடு என்று முதல் சுற்றை முடியுங்கள். பெர்னபோவுக்கு இருப்பது ஒரே செய்யுள். உன் அண்ணன் மகனும் மருமகனுமாக இருந்தவனே உன்னைச் சிறையில் சாகடித்தான் என்று சொல்லிவிட்டு, ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று எனக்குத் தெரியாது என்று துறவி முடித்துவிடுகிறார். காரணமே இல்லாத எச்சரிக்கை. எதைத் தவிர்த்திருந்தால் பெர்னபோ தப்பியிருப்பான் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த ஓட்டைதான் அடுத்த இரண்டு நூல்களையும் பிறப்பித்தது.

குரோசஸ் அதற்கு நேர் எதிர். மரத்தின் மேல் தான் இருப்பதாகவும், ஜூபிடர் தன் முதுகையும் விலாவையும் கழுவிவிடுவதாகவும், சூரியதேவன் துடைக்கத் துண்டு கொண்டுவருவதாகவும் கனவு காண்கிறான். பெருமை தலைக்கேறிப் பொருள் கேட்கிறான். மகள் ஃபானி மழுப்பாமல் சொல்கிறாள்: மரம் தூக்குமரம், ஜூபிடர் மழையும் பனியும், சூரியன் கொண்டுவரும் துண்டு வெயில், உன் உடல் அங்கே நனைந்து காயும். ஐந்தே செய்யுள். பகட்டு, அதைப் பொருட்படுத்தாத விளக்கம், தண்டனை மூன்றும் அளவாக விழுந்திருக்கின்றன.

இனி லிட்கேட். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவி. அரசன் ஆறாம் ஹென்றியின் சிற்றப்பா, கிளாஸ்டர் கோமான் ஹம்ஃப்ரி கேட்டுக்கொண்டதால் 1431 முதல் 1438 வாக்கில் எழுதியது. பொக்காச்சியோவை நேரே எடுக்காமல், லோராந் தெ பிரெமியேஃபே என்பவரின் விரித்த பிரெஞ்சு உரைநடையை வைத்துக்கொண்டு ஒன்பது காண்டங்களாக 36,365 அடி எழுதித் தள்ளினார். பெரும்பகுதி ஏழடிச் செய்யுள். இதை முழுக்கப் படிக்கச் சொல்வது நியாயமில்லை. படிக்க வேண்டியது கதைகளின் இறுதியில் வரும் முடிப்புரைகளை. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் பின்னால் ஆள்வோருக்குப் பரிகாரம் சொல்லி ஒரு பகுதி சேர்க்கும்படி ஹம்ஃப்ரியே கேட்டார் என்று இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தில் லிட்கேட் சொல்கிறார். பெர்னபோவின் ஓட்டையை அடைக்கும் முதல் முயற்சி இது: விழுந்தான் என்று மட்டும் சொல்லாதே, விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் சொல். கேட்டவரின் கதை எப்படி முடிந்தது என்பதும் இந்த நூலோடு சேர்ந்ததுதான். 1447 பிப்ரவரியில், லிட்கேட்டின் மடம் இருந்த அதே ஊரில் கூடிய நாடாளுமன்றத்துக்கு வந்த ஹம்ஃப்ரி கைதாகி, சில நாளில் அங்கேயே இறந்தார்.

லிட்கேட்டுக்குச் சரியான பதிப்பு ஹென்றி பெர்கன் பதிப்பித்த நான்கு தொகுதிகள், 1920களில் வந்தவை. முதல் மூன்றில் மூலம், நான்காவதில் பிரதிகள் பற்றிய விவரம், மூலநூல் ஒப்பீடு, சொல்லகராதி. இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது. பெர்கன் செய்த பெரிய உபகாரம், செய்யுளை ஒட்டித் தற்கால ஆங்கிலத்தில் கொடுத்த சுருக்கம். அந்தச் சுருக்கத்தை மட்டும் விரைவாக ஓட்டிப்போய், முடிப்புரை வரும் இடத்தில் நின்று மூலத்தைப் படித்தால் ஒரு காண்டம் சில நாளில் முடியும். காண்டத்துக்குக் காண்டம் அடியெண் புதிதாகத் தொடங்கும் என்பதால் குறித்து வைக்கும்போது காண்ட எண்ணையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. நான்காம் தொகுதி இல்லாமல் முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அருஞ்சொல் ஒவ்வொன்றும் முட்டுக்கட்டை. நான்கையும் ஒன்றாக இறக்கிக்கொள்ளவும். காசு கொடுத்து வாங்க வேண்டிய நூல் இல்லை.

மூன்றாவது நூல்தான் இந்த மூன்றிலும் கூர்மையானது, பதிப்புக் குழப்பமும் இதில்தான் அதிகம். லிட்கேட்டை மறுபடி அச்சிட நினைத்த ஓர் அச்சகத்தார், பொக்காச்சியோ விட்ட இடத்திலிருந்து தங்கள் காலம் வரை ஆங்கிலேயரின் வீழ்ச்சிகளையும் சேர்க்கும்படி பால்ட்வினைக் கேட்டார். பால்ட்வினுக்குத் துணையாக ஏழு பேர் கூடினார்கள். மேரி அரசியின் ஆட்சியில் இது அச்சேறும் நேரத்தில் அன்றைய சான்சலர், அதாவது அரசின் உயர் அமைச்சர், தடுத்துவிட்டார் என்று பால்ட்வினே எழுதியிருக்கிறார். எலிசபெத் பட்டமேறிய பின் 1559இல்தான் 19 பாடல்களோடு வெளிவந்தது. 1563இல் இன்னும் எட்டு சேர்ந்தன. பிறகு 1574இல் ஜான் ஹிக்கின்ஸ் பழம்பெரும் பிரிட்டன் அரசர்களை முன்னால் ஒட்டினார், 1578இல் தாமஸ் பிளெனர்ஹாசெட் இடைவெளியை நிரப்பினார், 1587இல் பெருந்தொகுப்பு வந்தது, 1610இல் ரிச்சர்ட் நிக்கல்ஸ் எல்லாவற்றையும் மாற்றியமைத்தார். ஒரே பெயரில் ஐந்தாறு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது 1559, 1563 ஆண்டுகளின் பால்ட்வின் பகுதி.

அதில் இறந்தவரின் ஆவியே வந்து தன் வாயால் பேசுகிறது. காரணம் தலைப்பிலேயே வந்துவிடும். முதல் பாடலின் தலைப்பு, தலைமை நீதிபதி டிரெசிலியனும் சகாக்களும் அரசனின் விருப்பத்துக்குத் தோதாகச் சட்டத்தைத் திரித்துப் பொருள் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டதைச் சொல்கிறது. அவர் தூக்கிலிடப்பட்டது 1388இல். அரசர்களைப் பற்றிய நூல் ஒரு நீதிபதியில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் ரிச்சர்டின் தலைப்பு, கெட்ட ஆட்சிக்காக அரியணையிலிருந்து இறக்கப்பட்டுச் சிறையில் கொலையானான் என்கிறது. வேல்ஸின் ஓவன் கிளென்டவரின் தலைப்பு, பொய்யான ஆரூடங்களை நம்பி இளவரசனாக எழுந்து, மலைக்கு விரட்டப்பட்டு உணவின்றிச் செத்ததைச் சொல்கிறது. பெர்னபோவின் செய்யுளில் இல்லாமல் போன ‘ஏன்’ இங்கே முதல் வரியிலேயே இருக்கிறது. ஆதலால் தலைப்புகளைச் சுருக்கி வெறும் பெயராக்கிவிட்ட எந்தப் பதிப்பையும் வாங்காதீர்கள்.

பாடல்களுக்கு நடுவே உரைநடை வருகிறது. கூடியிருப்பவர்கள் அடுத்து யாரைப் பாடலாம் என்று சரித்திர நூலைப் புரட்டுகிறார்கள், வாதிடுகிறார்கள். இரண்டாம் ரிச்சர்டின் பாடலுக்கு முன்னால், புனித பவுல் ஆலயத்தின் குளிர்ந்த கல்லில் நீலம் பாரித்த காயங்களோடு அவன் உடல் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஒருவர். அந்தக் காட்சி மனத்தில் இருந்தால்தான் பின்னால் வரும் குரல் கேட்கும். மூன்றாம் ரிச்சர்டின் பாடல் முடிந்ததும் யாப்பு சரியில்லை என்று குறை வருகிறது. இவ்வளவு முறைகெட்ட மனிதன் யாப்பு முறையோடு பேசினால்தான் பொருந்தாது என்று பதில் வருகிறது. விமர்சனமே நூலுக்குள் இருக்கிறது. இதை வெட்டிவிட்டுப் பாடலை மட்டும் கொடுத்தால் தட்டுத்தடுமாறும் ஒரு பாட்டுதான் மிஞ்சும்.

கவிதைத் தொகை நூல்களில் இந்த நூலிலிருந்து பெரும்பாலும் ஒரே பகுதிதான் வரும்: 1563இல் தாமஸ் சாக்வில் எழுதிய முன்னுரைப் பாட்டு. குளிர்கால மாலை, துயரம் என்னும் பெண் கவிஞனைப் பாதாளத்துக்கு அழைத்துப் போகிறாள். வாசலில் கழிவிரக்கம், அச்சம், முதுமை, பசி, போர் என்று உருவங்கள் நிற்கின்றன. மூன்று நூல்களிலும் செய்யுள் அழகில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் இது பக்கிங்காம் கோமான் ஹென்றியின் புலம்பலுக்கு வாசற்படி. மூன்றாம் ரிச்சர்டை ஏற்றிவிட்டு, பிறகு எதிர்த்து, தன் பணியாள் பானாஸ்டரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1483இல் தலையிழந்தவன் அவன். தொகை நூல் வாசலோடு நிறுத்திவிடுகிறது. பாதாளத்தின் அலங்காரம் கிடைக்கிறது, அங்கே போனதன் காரணம் கிடைப்பதில்லை. சாக்வில் பின்னாளில் பெரும்பதவி வகித்தார். ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்கு மரண தண்டனைத் தீர்ப்பைத் தெரிவிக்க 1586இல் அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொன்றைத் தவறவிடாதீர்கள்: காலிங்பர்ன் பாடல். பூனையும் எலியும் நாய் லவலும் ஒரு பன்றியின் கீழ் இங்கிலாந்தை ஆள்கின்றன என்று இரண்டடி எழுதியவன் இவன். பூனை கேட்ஸ்பி, எலி ராட்கிளிஃப், லவலோடு சேர்த்து மூவரும் மூன்றாம் ரிச்சர்டின் நெருங்கிய ஆட்கள். பன்றி என்றது அந்த ரிச்சர்டின் வெண்பன்றிச் சின்னத்தை. காலிங்பர்ன் 1484இல் கொடூரமாகக் கொல்லப்பட்டான். ஆள்வோரை எச்சரிக்கும் நூலில், எச்சரிக்கும் கவிஞனுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் ஒரு பாடல். ஏற்கெனவே ஒரு முறை தடுக்கப்பட்ட நூலில் இது வருகிறது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் கனம் புரியும்.

பதிப்புக்கு வருவோம். ஸ்காட் லூகாஸ் பதிப்பித்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2019இல் வெளியிட்டதே இன்று முதல் தேர்வு. எழுத்துக்கூட்டலைத் தற்காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், குறிப்புகள் விரிவானவை, உரைநடைப் பேச்சும் இருக்கிறது. விலை தனிமனிதருக்குக் கட்டுப்படியாகாது. கேம்பிரிட்ஜ் மின்னூல் சந்தா உள்ள பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் நிலைத்திருந்தது லில்லி கேம்பெலின் 1938 பதிப்பு. மூல எழுத்துக்கூட்டலும் பதிப்புகளுக்கிடையேயான பாடபேதமும் வேண்டுமானால் இன்றும் அதுதான் வேண்டும். புதிதாகப் படிப்பவர் அதில் தொடங்கினால் எழுத்துக்கூட்டலிலேயே பாதி கவனம் போய்விடும். ஹிக்கின்ஸ், பிளெனர்ஹாசெட் பகுதிகளை கேம்பெல் 1946இல் தனி நூலாகப் பதிப்பித்திருக்கிறார். ஆய்வுக்குத் தவிர அது தேவைப்படாது. அந்தப் பாடல்களில் அரசர்கள் எல்லோரும் ஒரே குரலில் புலம்புகிறார்கள்.

இலவச ஸ்கேன் தேடுவோருக்கு முதலில் அகப்படுவது ஜோசஃப் ஹேஸல்வுட்டின் 1815 பதிப்பு. நேர்மையான உழைப்புதான், ஆனால் முதல் தொகுதி ஹிக்கின்ஸில் ஆரம்பிக்கிறது. நூல் இவ்வளவுதானா என்று பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். இரண்டாம் தொகுதியைத் திறந்து டிரெசிலியன் பெயரைத் தேடுங்கள், பால்ட்வின் அங்கிருந்து தொடங்குகிறார்.

இணையக் கடைகளில் கேட்டதும் அச்சடித்துத் தரும் மலிவுப் பதிப்புகளை இந்த மூன்று நூல்களுக்குமே ஒதுக்கிவிடலாம். பழைய ஸ்கேனைக் கணினியே வாசித்து எடுத்த எழுத்து அது. அந்தக் காலத்து நீண்ட ‘எஸ்’ எழுத்தை ‘எஃப்’ என்று படித்திருக்கும், செய்யுள் உடைந்து உரைநடையாக ஓடும், பக்க ஓரக் குறிப்பு அடியின் நடுவில் புகுந்து கிடக்கும். பல தொகுதி நூலில் எந்தத் தொகுதி என்று அட்டையில் போட்டிருக்காது. முன்னோட்டப் பக்கம் இருந்தால் மூன்றைப் பாருங்கள்: அடியெண் இருக்கிறதா, பதிப்பாசிரியர் பெயர் இருக்கிறதா, ஒரு செய்யுள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா. முன்னோட்டமே காட்டாத விற்பனையாளரிடம், திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி இல்லாவிட்டால், வாங்க வேண்டாம்.